வரி வசூலிப்பவரின் பிணம்

செய்டா நீன் சேறும் சதுப்புமான ஒரு சின்னத் துறைமுகம். கைதியாகக் கப்பலில் வந்து இறங்குகிறோம். சுங்க அலுவலகத்தில் பெயர், இனம், தொழில் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டு விடுதலைத் தாளைக் கையில் கொடுத்து வெளியே அனுப்புகிறார்கள். ஊரைத் தாண்டிக் கொஞ்ச தூரம் நடந்தால் நீரோரத்தில் ஒரு பிணம் கிடக்கிறது. ப்ரோசெஸஸ் விடெலியஸ், பேரரசின் வரி வசூலிப்பவர். 200 பொற்காசும் வசூல் கணக்கும் அவரிடம் அப்படியே இருக்கின்றன. காசை எடுத்துக்கொண்டு நடையைக் கட்டலாம், கேட்க ஆளில்லை. அலுவலகத்தில் சொன்னால் கொன்றவனைக் கண்டுபிடிக்கச் சொல்கிறார்கள். கலங்கரை விளக்கத்தில் வேலை பார்க்கும் பெண் அவருடைய காதலி. அவளைக் கேட்டால் அவர் தங்கமான மனிதர். அதே ஊரில் ஒரு குடிசையில் இருக்கும் ஃபோரின் கில்னித்தைக் கேட்டால், ஊராரிடம் கறந்து தன் சுகத்துக்குச் செலவழித்தவர். நான்தான் கொன்றேன் என்கிறான். அவனை என்ன செய்வது என்பது நம் கையில்.

பெதெஸ்டா நிறுவனம் 2002-இல் வெளியிட்ட ‘மோரோவிண்ட்’ என்ற வீடியோ கேமில் இது ஒரு சின்னக் கிளைக்கதை. உலகத்தைக் காப்பாற்றும் பெரிய கதைக்கும் இதற்கும் சம்பந்தமே கிடையாது. ஆனாலும் மிகுபுனைவிலும் அறிவியல் புனைகதையிலும் புதிதாக ஓர் உலகத்தைக் கட்டி எழுப்பும் வழக்கத்தை எடைபோட இதைவிட நல்ல உரைகல் எனக்குக் கிடைக்கவில்லை. வரைபடம், வம்சாவளி, ஆயிரக்கணக்கான ஆண்டு வரலாறு, சொந்த மொழி என்று ஒரு படைப்பாளி எவ்வளவோ அடுக்கலாம். அதெல்லாம் அந்த உலகத்தில் வாழும் யாருடைய தலையிலாவது விடிகிறதா என்பதுதான் என் கேள்வி.

வரியைப் பற்றி மிகுபுனைவு எழுத்தாளர் ஜார்ஜ் ஆர். ஆர். மார்ட்டினும் கேட்டிருக்கிறார். ‘ரோலிங் ஸ்டோன்’ இதழுக்கு 2014-இல் கொடுத்த பேட்டியில், டோல்கீனின் மன்னன் ஆரகார்ன் நன்றாக ஆண்டான் என்கிறார்களே, அவனுடைய வரிக் கொள்கை என்ன என்று கேட்டுவைத்தார். கேள்வி நியாயமானது என்றாலும் பாதிதான் நியாயம். கொள்கை தெரிந்துவிட்டால் மட்டும் உலகத்துக்கு உயிர் வந்துவிடாது. செய்டா நீனில் வரி விகிதம் எவ்வளவு என்று விளையாடுபவருக்குத் தெரியவே தெரியாது. வரி கட்டியவனின் ஆத்திரம் தெரியும். டோல்கீனும் அந்தப் பக்கத்தை முழுக்கக் கோட்டை விட்டவரல்ல. எதிரி நாடான மோர்டோரின் படைகளுக்குச் சோறு எங்கிருந்து வருகிறது என்பதற்கு, தெற்கே நூர்னென் ஏரிக்கரையில் அடிமைகள் உழும் வயல்களை ஒரு வரியில் காட்டிவிட்டுப் போகிறார். போர் முடிந்ததும் அந்த நிலம் அவர்களுக்கே கொடுக்கப்படுகிறது. அந்த ஒரு வரியைப் பத்துப் பக்கமாக நீட்டியிருக்கலாமே என்ற ஆதங்கம் எனக்கு உண்டு.

இந்த வழக்கத்தின் முதல் பலம், உலகம் கதைக்கு முட்டுக்கட்டை போடுவது. எழுத்தாளர் நினைத்ததெல்லாம் நடக்கும் இடத்தில் ஆபத்தும் இல்லை, வியப்பும் இல்லை. மோரோவிண்டில் செய்டா நீனை விட்டுக் கிளம்பியதும், தலைக்கு மேலே ஓர் அலறல் கேட்கும். வானத்திலிருந்து ஒரு மந்திரவாதி நம் கண்ணெதிரே விழுந்து சாகிறான். அவனிடம் மூன்று மந்திரச் சுருள்கள் இருக்கும். படித்தால் குதிக்கும் திறன் 1000 புள்ளி ஏறும், ஆனால் ஏழே விநாடிதான். மேலே போய்விடலாம்; இறங்குவதற்குள் மந்திரம் தீர்ந்துவிடும். அவன் செத்த காரணம் நமக்குப் புரிகிறது, புரிந்தும் ஒரு சுருளைப் படித்துக் குதித்துப் பார்க்காதவர்கள் குறைவு. அந்த உலகத்தில் மந்திரம் என்றால் என்ன என்று விளக்கும் வசனம் ஒன்றுகூடத் தேவைப்படவில்லை. டெல்வானி குலத்து மந்திரவாதிகளின் காளான் கோபுரங்களும் இப்படித்தான். மேல்தளத்துக்குப் படிக்கட்டே கிடையாது. மிதக்கத் தெரிந்தால் வா, இல்லையேல் கீழேயே நில். அந்தக் குலத்தின் திமிரைக் கட்டடமே சொல்லிவிடுகிறது.

அர்சுலா லெ குவின் இதை ஒரு பீர்க் குவளையிலேயே சாதித்தவர். 1969-இல் வந்த ‘த லெஃப்ட் ஹேண்ட் ஆஃப் டார்க்னெஸ்’ நாவலின் கெதன் கிரகத்தில் எப்போதும் கொல்லும் குளிர். அங்கே சாப்பாட்டு மேசையில், ஒரு மடக்குக்கும் அடுத்த மடக்குக்கும் இடையே பீரில் படியும் பனியை உடைக்கத் தனியாக ஒரு சின்னக் கருவி வைக்கிறார்கள். அந்தக் கிரகத்தில் பறவையே இல்லை; அதனால் இயந்திரம் செய்யத் தெரிந்த அந்த மக்களுக்குப் பறக்கலாம் என்ற எண்ணமே தோன்றவில்லை. வானிலை அட்டவணை போட்டிருந்தால் இந்தக் குளிர் நம்மைத் தொட்டிருக்காது.

இரண்டாவது பலம், உலகத்தைப் பற்றிய அறிவு ஒவ்வொருவர் கையிலும் ஒவ்வொரு துண்டாகக் கிடப்பது. மோரோவிண்டின் மையத்தில் ஒரு பழைய சாவு இருக்கிறது. நெரெவர் என்ற தலைவன் போரில் பட்ட காயத்தால் இறந்தான் என்கிறது கோயில். இல்லை, இன்று கடவுளாகக் கும்பிடப்படும் மூவரும் சேர்ந்து கொன்றார்கள் என்கிறார்கள் பாலைநில நாடோடிகளும் கோயிலோடு முரண்பட்டு ஒளிந்து வாழும் குருமாரும். அந்த மூவரில் ஒருவரான விவெக்கை நேரிலேயே பார்த்துக் கேட்கலாம். அவர் சொல்வதையும் அப்படியே நம்ப முடியாது. அவர் எழுதியதாக விளையாட்டுக்குள் 36 போதனைகள் கிடைக்கின்றன. 29-ஆவது போதனையில் வரும் எண்களை வைத்து மற்றவற்றில் சொற்களை எண்ணிப் பொறுக்கினால், கொலையை அவரே ஒப்புக்கொள்ளும் வாசகம் வெளிப்படும். தேடாதவர்களுக்கு அது கடைசிவரை வெறும் வேதநூல்தான். தமிழில் இந்த உத்தியின் பெரிய உதாரணம் ஜெயமோகனின் ‘விஷ்ணுபுரம்’ (1997). ஒரு காலத்தில் ரத்தமும் சதையுமாக நடந்தது அடுத்த காலத்தில் காவியமாகி, அதற்கும் பிந்திய காலத்தில் உரைகாரர்களின் சண்டையாகிவிடுகிறது. அந்தக் கற்பனை நகரத்தைப் பற்றி முழுக்கத் தெரிந்தவர் என்று அந்த நகரத்தில் ஒருவரும் இல்லை.

இனி குறைகள். மோரோவிண்டைப் புகழ்கிறவர்கள் பெரும்பாலும் மறைத்துவிடும் ஒன்று உண்டு. ஓர் ஊரைப் பற்றி அங்கே கடைக்காரரைக் கேட்டாலும், காவலாளியைக் கேட்டாலும், கோயில் குருவைக் கேட்டாலும் பல நேரம் எழுத்துப் பிசகாமல் ஒரே பத்திதான் பதிலாக வரும். மனப்பாடம் செய்த பிள்ளைகள் வரிசையாக எழுந்து ஒப்பிப்பதைப் போல இருக்கும். கடவுள்கள் பொய் சொல்லத் தெரிந்த உலகத்தில் சாதாரண சனங்களுக்குச் சொந்தக் குரல் இல்லை. இரவானால் வீட்டுக்குப் போவதில்லை, தூங்குவதில்லை, நின்ற இடத்திலேயே நிற்கிறார்கள். இங்கே அதே தொடரின் அடுத்த விளையாட்டான ‘ஒப்லிவியன்’ (2006) கெட்டிக்காரத்தனம் காட்டியது. அதில் மனிதர்கள் சாப்பிடப் போகிறார்கள், கடையை மூடுகிறார்கள், உறங்குகிறார்கள். மோரோவிண்ட் ரசிகர்கள் அதை ஒப்புக்கொள்ள மாட்டார்கள் என்பது வேறு விஷயம்.

ஒரே பத்தி ஊரெல்லாம் ஒலிப்பதற்கு நேரமும் ஆளும் போதாமை ஒரு காரணமாக இருக்கலாம். ஆழமான காரணம், தகவலைச் சேர்த்துவிட்டால் உலகம் ஆகிவிடும் என்ற நம்பிக்கை. எழுத்தாளர் எம். ஜான் ஹாரிசன் 2007-இல் இந்த வழக்கத்தையே கடுமையாகச் சாடினார். இல்லாத ஓர் இடத்தை ஒன்று விடாமல் அளந்து பட்டியலிடும் ஆசை, எழுதுபவனின் கையையும் வாசிப்பவனின் கற்பனையையும் சேர்த்தே கட்டிப்போடுகிறது என்பது அவர் வாதத்தின் சாரம். தான் எழுதிய விரிகோனியம் நகரத்தில் கதைக்குக் கதை தெருக்களையும் ஆட்களையும் வரலாற்றையும் மாற்றி, அதை யாரும் வரைபடத்தில் அடைக்க முடியாதபடி பார்த்துக்கொண்டவர் அவர். படிக்கும்போது அந்தத் துணிச்சல் பிடிக்கிறது. ஆனால் காலுக்குக் கீழே தரையே இல்லாத இடத்தில் யார் விழுந்தாலும் வலிப்பதில்லை; சுருளைப் படித்துச் செத்த அந்த மந்திரவாதியின் சாவு விரிகோனியத்தில் நடந்திருந்தால் ஒரு படிமமாக மட்டுமே நின்றிருக்கும். ஹாரிசன் நோயைச் சரியாகக் கண்டுபிடித்தார் என்றுதான் சொல்வேன். அவர் கொடுக்கும் மருந்து எல்லாருக்கும் ஒத்துக்கொள்ளாது.

கட்டிய உலகத்தில் முரண் தலைகாட்டும்போது அதை எப்படிச் சரிக்கட்டுகிறார்கள் என்பதில் படைப்பாளியின் தரம் பட்டென்று தெரிந்துவிடும். 1937-இல் வந்த ‘த ஹாபிட்’ முதல் பதிப்பில், கதாநாயகன் பில்போவோடு நடக்கும் விடுகதைப் போட்டியில் தோற்றால் தன் மோதிரத்தைப் பரிசாகத் தருவதாகக் கோலம் என்ற குகைப் பிராணி தானாகவே ஒப்புக்கொள்கிறது. பிறகு டோல்கீன் அதன் தொடர்ச்சியாகப் பெரிய நாவலை எழுதப் போக, அந்த மோதிரம் யாராலும் விட்டுக்கொடுக்க முடியாத சாபமாக மாறிவிட்டது. 1951 பதிப்பில் அந்த அத்தியாயத்தைத் திருத்தினார். பழையதை அழித்துவிட்டு வேறு வேலை பார்த்திருக்கலாம். அதைச் செய்யாமல், முந்தைய வடிவம் பில்போ சொன்ன பொய் என்று நாவலுக்குள்ளேயே சேர்த்துவிட்டார். யோக்கியனான ஒரு ஹாபிட்டைக் கைக்கு வந்த கொஞ்ச நாளிலேயே பொய் சொல்ல வைத்தது மோதிரம். அச்சில் நேர்ந்த முரண் பாத்திரத்தின் குணமாகிவிட்டது.

இதோடு ஒப்லிவியனை வைத்துப் பாருங்கள். பேரரசின் நடுநாடான சைரோடில் பெரும்பாலும் அடர்ந்த மழைக்காடு என்று அதே தொடரின் 1998-ஆம் ஆண்டுக் கையேடு சொன்னது. 2006-இல் போய் இறங்கினால் ஐரோப்பிய நாட்டுப்புறம் போல ஓக் மரங்களும் புல்வெளியும். தெய்வமாகிவிட்ட ஒரு பேரரசர் தட்பவெப்பத்தையே மாற்றிவிட்டார் என்ற சமாதானமும் தொடருக்குள் உண்டு. சமாதானம் சாமர்த்தியமானதுதான், ஆனால் காடு போனதால் யாருடைய பிழைப்பும் மாறவில்லை. காட்டை நம்பியிருந்தவன் என்று ஒருவனையும் நாம் சந்திக்கவில்லை. மிதக்கும் மந்திரமும் அந்த விளையாட்டில் இல்லை. நகரங்களைத் தனித்தனித் துண்டுகளாகச் செய்துவிட்டதால் மதிலுக்கு மேலே மிதந்து உள்ளே போக வழியில்லாமல் போனது. உலகத்தின் சட்டத்தைத் தொழில்நுட்பச் சவுகரியம் எழுதத் தொடங்கிய இடம் அது.

பணம் எழுதும் சட்டம் இன்னும் வெளிப்படையானது. 2014-இல், நாவல்களும் காமிக்ஸ்களும் விளையாட்டுகளுமாக முப்பது ஆண்டுகளுக்கு மேலாக வளர்ந்திருந்த ‘ஸ்டார் வார்ஸ்’ விரிவுலகத்தை ‘லெஜண்ட்ஸ்’ என்று பெயரிட்டு அதிகாரபூர்வக் கதையிலிருந்து ஒதுக்கிவைத்தார்கள். புதிய படங்களுக்கு இடம் வேண்டும், வேறொன்றுமில்லை. வாசகர்கள் கோபப்பட்டார்கள். எனக்கு அந்தக் கோபம்தான் விசித்திரமாகப் பட்டது. பிடித்த கதை அலமாரியில் அப்படியே இருக்கிறது. நிறுவனம் முத்திரையை எடுத்துவிட்டால் அதில் எது குறைந்துபோனது? உலகம் பெரிதாகப் பெரிதாக, கதையைவிட எது செல்லும், எது செல்லாது என்ற பட்டா விவகாரம் முக்கியமாகிவிடுவது இந்த வழக்கத்தின் மோசமான பக்கம்.

லெ குவின் இந்தப் பட்டாவையே மதிக்கவில்லை. கெதன் கதையும் சேர்ந்த தன் ஹைனிஷ் வரிசை நாவல்கள் எல்லாம் ஒரே ஒழுங்கான அண்டத்தில் அடங்குபவை அல்ல என்று அவரே சொல்லிவந்தார். அவருக்கு வந்த கண்டனம் வேறு. ஆணும் பெண்ணும் பிரியாத கெதன் மக்கள் எல்லாரையும் அவர் ஆண்பாலிலேயே எழுதியதால், வாசிப்பவர் மனத்தில் ஆண்கள் மட்டும் வாழும் கிரகமாக அது பதிந்துவிட்டது. 1976-இல் ஒரு கட்டுரையில் தன் தேர்வுக்கு வாதாடினார். 1987-இல் அதே கட்டுரைக்குத் திரும்பியபோது பழைய வரிகளை அழிக்கவில்லை; பக்கத்திலேயே இப்போது தனக்கு என்ன தோன்றுகிறது என்று எழுதி, தன்னோடு தானே சண்டை போட்டார். 1995-இல் கெதனுக்குத் திரும்பிப் போய் ‘கமிங் ஆஃப் ஏஜ் இன் கார்ஹைட்’ என்ற சிறுகதையை எழுதினார். 1969 நாவலில் வேற்றுக் கிரகத் தூதன் ஒருவன் வந்து பார்த்து வியந்து நமக்கு விளக்கிக்கொண்டிருந்தான். இந்தக் கதையில் அவன் இல்லை. கார்ஹைட் நாட்டின் பழைய நகரம் ஒன்றில், பெரிய கூட்டுக் குடும்பத்தில் வளரும் ஓர் இளம் உயிர், தன் உடம்பில் நடக்கும் மாற்றத்தை வீட்டு மூத்தவர்களிடம் எப்படிக் கேட்பது என்று தவிக்கிறது. புதிய கிரகமோ போரோ அந்தக் கதைக்குத் தேவைப்படவில்லை.