கடன் வசூலும் கதாநாயகனும்

வீடியோ விளையாட்டுக்களை வெறும் பொழுதுபோக்கெனத் தள்ளிவிடும் விமர்சகர்கள், 2018 இல் பிளேஸ்ரேசன் 4, எக்ஸ்பொக்ஸ் வன் ஆகியவற்றுக்கென வெளியான ‘றெட் டெட் றிடெம்ப்சன் 2’ ஐ நோக்குதல் வேண்டும். களம் 1899 ஆம் ஆண்டு அமெரிக்கா. கொள்ளையனான ஆதர் மோர்கன், தன் கும்பல் கொடுத்த வட்டிக் கடனை வசூலிக்கச் சென்று, நோயுற்ற ஏழைக் கமக்காரனொருவனை அடிக்கின்றான். அவனிடமிருந்தே காசநோய் தொற்றுகின்றது. ஆதரை அந்த முற்றத்துக்கு நடத்திச் செல்வன நமது விரல்களே. நாவல் வாசகனைச் சாட்சியாக்கும், இதுவோ கையாளாக்குகின்றது. இதன் வலிமை இதுவே.

ஆயின் அவ்வடியை மறுக்க அங்கு வழியில்லை. பரந்த வெளியில் விரும்பியவாறு திரியலாம், வேட்டையாடலாம், உடை மாற்றலாம் (சந்தை வழங்கும் சுதந்திரமும் இத்தகையதே). கதைப்பணி தொடங்கியதும், வகுத்த பாதையினின்று விலகினால் ‘தோல்வி’ என ஆட்டம் நின்றுவிடுகின்றது. தெரிவு மறுக்கப்பட்டவனிடம் குற்றவுணர்வை எதிர்பார்ப்பது எங்ஙனம்?