போல்ட் ரைபிள்: நான்கு பாணிகளும் ஓர் உரைகல்லும்

மருந்தில்லாத பயிற்சித் தோட்டா ஒன்றைப் பழைய மௌசர் ரைபிளின் தோட்டாப் பெட்டியில் வைத்து, போல்ட்டை மெல்ல முன்னே தள்ளிப் பாருங்கள். மேலெழும் தோட்டாவின் அடிவிளிம்பு, குழலுக்குள் போய்ச் சேர்வதற்கு முன்பே, போல்ட்டின் பக்கவாட்டில் ஓடும் நீண்ட எஃகுக் கொக்கிக்குள் வழுக்கி நுழைந்துவிடும். பாதி வழியில் மனம் மாறிப் பின்னே இழுத்தால், தோட்டாவும் கூடவே வந்து வெளியே தெறிக்கும். கொக்கி முன்கூட்டியே கவ்வாத ரைபிளில் அப்படி நடக்காது. பாதியில் விட்ட தோட்டா உள்ளேயே கிடக்கும். பதற்றத்தில் மறுபடி தள்ளினால் இரண்டாவது தோட்டா அதன் முதுகில் முட்டி நிற்கும். எதிரே புலி நிற்கும்போது இந்த வித்தியாசம் சின்ன விஷயமல்ல. பழைய வேட்டை ரைபிள்களைச் சேர்ப்பவர்கள் எந்தப் பாணியைப் பற்றிப் பேசினாலும் கடைசியில் இந்தக் கொக்கிக்கே வந்து சேர்வார்கள்.

மூலப் பாணி ஜெர்மனியின் ஓபெர்ன்டார்ஃப். நெக்கர் ஆற்றங்கரையில் இருக்கும் அந்தச் சிற்றூரில் பால் மௌசர் பல மாதிரிகளை வார்த்துத் திருத்தி, 1898-இல் ராணுவத்துக்குக் கொடுத்ததுதான் 'மாடல் 98'. போல்ட்டின் முகப்பில் இரண்டு பூட்டுக் காதுகள், பின்னால் காவலுக்கு மூன்றாவதாக ஒன்று. தோட்டா வெடித்துக் கிழிந்தால் வாயு சுடுபவரின் கண்ணில் அடிக்காமல் விலகிப்போகத் துளைகளும் தடுப்பும். படைக்குச் செய்ததையே வேட்டைக்காரருக்கும் செய்தார்கள். ஓபெர்ன்டார்ஃப் வேட்டை மாதிரிகளுக்கு ஏ, பி, எம் என்று எழுத்துப் பெயர்கள் உண்டு. அலங்காரம் குறைவு. என் கண்ணுக்கு அந்த வறட்சியே அழகு.

லண்டன் பாணி இதன் மேல் கட்டிய கோபுரம். ரிக்பி நிறுவனம் 1912 வரை பிரிட்டனில் மௌசருக்கு ஏகபோக முகவர். ஓபெர்ன்டார்ஃபின் உள்ளுறுப்புகளை வாங்கி, லண்டனில் வால்நட் கட்டை பொருத்தி, ஆளிவிதை எண்ணெயைக் கையால் தேய்த்துத் தேய்த்து ஏற்றினார்கள். ஜெர்மானியர் 7 மில்லிமீட்டர் மௌசர் என்று சொன்ன தோட்டா, லண்டனில் '.275 ரிக்பி' என்று பெயர் மாறியது. அந்தச் சிறு தோட்டாவைக் கொண்டே வேட்டைக்காரர் 'கரமோஜோ' பெல் ஆப்பிரிக்காவில் நூற்றுக்கணக்கான யானைகளை வீழ்த்தினார். சம்பாவத் ஆட்கொல்லிப் புலியை 1907-இல் கொன்றதற்காக ஜிம் கார்பெட்டுக்கு ஐக்கிய மாகாணத் துணைநிலை ஆளுநர் பரிசளித்ததும் ஒரு .275 ரிக்பிதான், கட்டையில் வெள்ளித் தகடு பதித்திருக்கும். ருத்ரபிரயாகை ஆட்கொல்லிச் சிறுத்தை 1926-இல் விழுந்தது அதன் தோட்டாவுக்குத்தான். இன்று அந்த ரைபிள் ரிக்பியிடமே திரும்பிவிட்டது.

கனமான தோட்டாக்களுக்கு லண்டன் கண்ட விடைகளில் இரண்டு நிலைத்தன: 1911-இன் .416 ரிக்பி, 1912-இன் .375 ஹாலண்டு அண்டு ஹாலண்டு. முன்னதற்கு நீளமான மேக்னம் மௌசர் உடல் தேவைப்பட்டது. பின்னதைச் சாதாரண உடலிலேயே நுழைக்கப் பலர் உலோகத்தைச் சுரண்டியெடுத்தார்கள். பூட்டுக் காது சாயும் இடத்திலேயே சுரண்டியதால் பலம் குறைந்தது. இப்படிச் சுரண்டிய .375 ஒன்றை யாராவது விற்க வந்தால், கட்டையின் அழகைப் பார்த்து மயங்கக்கூடாது. இந்தப் பாணியில் நான் வியக்கும் நுணுக்கம் வேறு: தோள்வார் மாட்டும் வளையத்தைக் கட்டையில் வைக்காமல் குழலில், கைக்கு முன்னே தள்ளி வைத்தார்கள். பெரிய தோட்டா பின்னே உதைக்கும்போது இடது கையை வளையம் கிழிக்காமல் இருக்கத்தான் அது.

ஆஸ்திரியாவின் ஸ்டெயர் பாணி தனி வழி. 1903-இல் வந்த மான்லிக்கர் ஷோனவரில் தோட்டாக்கள் சுழலும் உருளையில் அமர்ந்து ஒவ்வொன்றாக மேலே வரும். போல்ட் ஓட்டம் வெண்ணெயில் கத்தி இறங்குவது போல. அதன் கைப்பிடியும் வெண்ணெய்க் கத்தியைப் போலத் தட்டையானதே. குழலின் நுனிவரை நீளும் மரக்கட்டை பார்க்க நளினம். ஆனால் மழையில் மரம் ஊதிக் குழலை நெருக்கினால் குறி நகர்ந்துவிடும். தொலைநோக்கி பொருத்துவதும் தலைவலி. அழகுக்காக வாங்கலாம்; பருவமழைக் காட்டுக்கு நான் சிபாரிசு செய்யமாட்டேன்.

அமெரிக்கர்கள் 1903-இன் ஸ்பிரிங்ஃபீல்டில் மௌசரின் உரிமைகளைப் பயன்படுத்தியதற்காக 2 லட்சம் டாலர் கட்டியவர்கள். அந்த ராணுவ ரைபிளை வேட்டைக்கு மாற்றியமைத்த கைவினைஞர்களிடமிருந்து அவர்கள் பாணி பிறந்தது. 1923-இல் நியூயார்க்கில் தொடங்கிய கிரிஃபின் அண்டு ஹோ அதில் முக்கியமான பெயர். 1936-இல் வின்செஸ்டர் 'மாடல் 70'-ஐக் கொண்டுவந்து, அந்தக் கைவினைத் தரத்தைத் தொழிற்சாலைக்குள் இழுத்துவந்தது. ஜாக் ஓகானர் அதன் .270 தோட்டாவைப் பத்திரிகையில் எழுதி எழுதியே ஒரு தலைமுறைக்குப் பிடிக்கவைத்தார். 1964-இல் செலவைக் குறைக்கும் முயற்சியில் கொக்கியைக் கைவிட்டார்கள்; கட்டையில் கையால் செதுக்கிய சதுரக் கீறல்களுக்குப் பதில் அச்சில் அழுத்திய வடிவம் வந்தது. 7,00,000 என்ற எண்ணில் தொடங்கிய புது வரிசையைச் சேகரிப்பாளர்கள் இன்றும் ஒதுக்கிவைக்கிறார்கள். பிறகு கொக்கியை மீட்டார்கள், ஆனாலும் '64-க்கு முந்தியது' என்ற சொல் விலைச்சீட்டில் நிரந்தரமாகிவிட்டது.

வாங்குபவர் எதைப் பார்க்கவேண்டும்? முதலில் திருகுகள். திருகுத்தலையின் வெட்டுகள் சிதையாமல், நல்ல லண்டன் வேலையில் எல்லாம் ஒரே திசையில் நிற்கவேண்டும். சிதைந்திருந்தால் தெரியாத கை திறந்திருக்கிறது. அடுத்து போல்ட்டிலும் உடலிலும் எண்கள் ஒத்துப்போகின்றனவா. பின்பு இரும்பும் மரமும் சேரும் விளிம்பு. விரலை ஓட்டினால் இரும்பு மேடாகத் தட்டுப்பட்டால், மரத்தை யாரோ உப்புத்தாள் போட்டுத் தேய்த்திருக்கிறார்கள். குழல்மேல் தொலைநோக்கிக்காகப் பிற்காலத்தில் போட்ட துளைகள் விலையைப் பாதியாக்கிவிடும். கைப்பிடிக்குப் பின்னால் மரம் கறுத்து மிருதுவாகியிருந்தால், பல வருடம் வாய் மேலாக நிறுத்தி எண்ணெய் விட்டிருக்கிறார்கள். எண்ணெய் வடிந்து மரத்தைத் தின்றிருக்கும். பழைய தோட்டாக்களின் பற்றவைப்பு மருந்து சுட்டபின் குழலில் உப்பைப் படியவிடும். அதை வெந்நீர்தான் கரைக்கும். வெந்நீர் ஊற்றாத வீட்டு ரைபிளை விளக்கொளியில் எட்டிப் பார்த்தால், உள்ளே அம்மைத் தழும்பு போல் குழிகள்.

இந்தியாவில் சேகரிப்பு என்பது பெரும்பாலும் படிப்பும் பார்வையும்தான். 1972-இன் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வேட்டைக்குக் கதவை மூடத் தொடங்கியது. 2019-இன் ஆயுதச் சட்டத் திருத்தத்துக்குப் பின் பொதுவாக ஒருவருக்கு இரண்டு துப்பாக்கிக்கு மேல் உரிமமில்லை. நம் சேலம், தருமபுரிப் பக்கத்துக் காடுகளைப் பற்றி எழுதிய கென்னத் ஆண்டர்சன் வைத்திருந்தது போல்ட் ரைபிளே அல்ல, வின்செஸ்டர் .405 லீவர் ரைபிள் என்பதைப் பாணிப் பிரியர்கள் சங்கடத்தோடு ஒப்புக்கொள்ளவேண்டும்.

நீலகிரியில் ஒரு பெரியவர் தன் தாத்தாவின் .275-ஐக் காட்ட அழைத்தார். பட்டுத்துணியை விலக்கியதும் கண் கூசியது. பேரன் வருகிறான் என்று ஒரு கடையில் கொடுத்துப் பளபளப்பாக்கி, இரும்புக்குப் புது நீல மெருகு ஏற்றியிருந்தார்கள். குழலின்மேல் இருந்த எழுத்துகள் நக்கிய மிட்டாய் போல மழுங்கிவிட்டன; முத்திரைகளில் பாதியைக் காணோம். நூறு வருடம் உள்ளங்கை பட்டுத் தேய்ந்த வெள்ளி நிறம் போய்விட்டது.

"எப்படி இருக்கு தம்பி?" என்றார்.

போல்ட்டைத் தூக்கி இழுத்தேன். தடையே இல்லாமல் பின்னே வந்தது. கொக்கியின் விளிம்பு கூர்மையாகவே இருந்தது.

"போல்ட் நல்லா ஓடுதுங்க ஐயா" என்றேன்.