ஆறு உருளையா, எட்டு உருளையா? புகைக்குழலை மாற்றினால் செலவு குறையுமா?

பூவிருந்தவல்லிக்கு மேற்கே, குத்தம்பாக்கம் பக்கமாகச் செல்லும் பெங்களூரு நெடுஞ்சாலையில் பல வகை மோட்டார் வண்டிகளைக் காணலாம். அவற்றிடையே எப்போதாவது ஆறு அல்லது எட்டு சிலிண்டர் கொண்ட பெரிய கார் ஒன்றும் உறுமிக்கொண்டு போகும். செகண்ட் ஹேண்டில் மலிவாகக் கிடைக்கிறதே என்று இத்தகைய கார்களை வாங்குவோர் உண்டு. வாங்கியவர் காதில் முதலில் விழும் அறிவுரை இதுதான்: "சைலன்சரை மாற்றுங்கள்; வேகமும் கூடும், மைலேஜும் கூடும்." இந்தக் கூற்றில் உண்மை எவ்வளவு, மிகை எவ்வளவு என்று சற்று ஆராய்வோம்.

எண்ணிக்கையின் பொருள்

நான்கு வீச்சு எந்திரத்தில், கிராங்க் ஷாஃப்ட் இரண்டு முறை சுழல்வதற்குள் ஒவ்வொரு உருளையிலும் ஒரு முறை எரிபொருள் எரிகிறது. இரண்டு சுழற்சி என்பது 720 பாகை. ஆறு உருளைகளுக்குப் பகிர்ந்தால் 120 பாகைக்கு ஓர் உந்தல். எட்டு உருளைகளானால் 90 பாகைக்கு ஓர் உந்தல். உந்தல்கள் நெருங்க நெருங்க ஓட்டம் சீராகும். ஒரே வரிசையில் அமைந்த ஆறு உருளைகளில் பிஸ்டன்களின் அசைவுகள் ஒன்றையொன்று ஈடுசெய்வதால் அதிர்வும் மிகக் குறைவு. எண்ணூரில் உருவான கோமெட் லாரிகளின் டீசல் எந்திரம் இந்த ஆறு உருளை வகையே.

எட்டு உருளைகளைப் பெரும்பாலும் 'வி' வடிவில், பக்கத்துக்கு நான்காகப் பிரித்து அமைப்பார்கள். ஆகவே புகை வெளியேறும் குழல்களும் இரு தொகுதிகளாகின்றன. ஸ்பார்க் பிளக்குகள் எட்டு. புகைக்குழலை மாற்ற நினைத்தால் இரு பக்கமும் மாற்ற வேண்டும். செலவும் அதற்கேற்ப உயரும்.

நம் ஊர்ப் பாடம்

அப்படியானால் உருளைகளைக் குறைத்தால் செலவு குறையுமா? இதற்குச் சென்னையிலேயே ஒரு சான்று உண்டு. 1976-இல் பிரிட்டனில் ரோவர் நிறுவனம் எஸ்.டி.1 என்னும் காரை 3.5 லிட்டர் கொள்ளளவுள்ள எட்டு உருளை எந்திரத்துடன் வெளியிட்டது. அடுத்த ஆண்டு அதே காருக்கு 2.3, 2.6 லிட்டர் ஆறு உருளை எந்திரங்களும் வந்தன. சென்னையில் இயங்கிவந்த ஸ்டாண்டர்டு மோட்டார் நிறுவனம் 1985-இல் இதே உடலமைப்பை 'ஸ்டாண்டர்டு 2000' என்ற பெயரில் இங்கே கொண்டுவந்தது. ஆனால் அதில் பொருத்தியது பழைய வான்கார்டு வழிவந்த, ஏறத்தாழ 2 லிட்டர் கொள்ளளவுள்ள நான்கு உருளை எந்திரம்!

உருளைகள் பாதியாயின, காரின் எடை பாதியாகவில்லை. பெரிய உடலை இழுக்கச் சிறிய, பழைய எந்திரம் ஓயாமல் திணறியது. காரின் விலை அதிகம், பெட்ரோல் செலவும் அதிகம் என்ற பெயரே அதற்கு மிஞ்சியது; சில ஆண்டுகளில் உற்பத்தியும் நின்றது. உருளைகளின் எண்ணிக்கை மட்டுமே செலவைத் தீர்மானிப்பதில்லை. எந்திரத்தின் கொள்ளளவு, அதன் வடிவமைப்பு, வண்டியின் எடை, ஓட்டும் முறை ஆகிய எல்லாம் சேர்ந்தே தீர்மானிக்கின்றன.

புகைக்குழல் செய்வது என்ன?

எரிபொருளின் ஆற்றலில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு புகையோடு வெளியேறிவிடுகிறது. "அந்த வீணைத் தடுக்கிறோம்" என்று குழல் விற்போர் சொல்லக்கூடும். ஆனால் அப்படிப் போவது பெரும்பாலும் வெப்பம். குழலை அகலமாக்கினால் அந்த வெப்பம் திரும்பி வராது. புகைக்கு உள்ள தடை மட்டுமே குறையும்.

அந்தத் தடை எப்போது பெரிதாகிறது? புகையின் ஓட்டம் இரு மடங்கானால் தடை ஏறத்தாழ நான்கு மடங்காகும். ஓட்டம் கால் பங்கானால் தடை பதினாறில் ஒரு பங்காகச் சுருங்கும். பூவிருந்தவல்லி நெரிசலில் ஊர்ந்து செல்லும் பெட்ரோல் காரில் திராட்டில் பெரும்பாலும் மூடியே இருக்கிறது. அங்கே எந்திரத்துக்குப் பெருந்தடை காற்று நுழையும் வாயிலில்தான். புகை வெளியேறும் வாயிலில் அன்று. ஆகவே நகர ஓட்டத்தில் குழல் மாற்றத்தால் மைலேஜ் கூடும் என்பது வெறும் நம்பிக்கையே.

பந்தயத்தின் கதை வேறு. 1990 முதல் பந்தயங்கள் நடந்துவரும் இருங்காட்டுக்கோட்டை ஓடுகளத்தில் ஆக்சிலரேட்டரை முழுக்க மிதித்தே ஓட்டுகிறார்கள். அங்கே தக்க நீளமும் விட்டமும் உள்ள குழல், வெளியேறும் புகையலைகளைக் கொண்டே அடுத்த புகையை இழுத்துவிடும். திறன் உண்மையில் கூடும். ஆனால் அந்தப் பயன் குறிப்பிட்ட சுழல் வேகங்களில்தான் கிடைக்கும். தாழ்ந்த வேகத்தில் இழுவை குறைவதும் உண்டு.

கணக்குப் போடுவோம்

ஒரு பேச்சுக்கு, ஆண்டுக்கு 12,000 கிலோமீட்டர் ஓடும் ஆறு உருளைக் கார் லிட்டருக்கு 10 கிலோமீட்டரும், எட்டு உருளைக் கார் 8 கிலோமீட்டரும் தருவதாகக் கொள்வோம். முன்னதற்கு 1,200 லிட்டர், பின்னதற்கு 1,500 லிட்டர் தேவை. லிட்டர் 100 ரூபாய் என்றால் வேறுபாடு 30,000 ரூபாய். இனி, புதிய குழல் எட்டு உருளைக் காரின் மைலேஜை 2 விழுக்காடு உயர்த்துவதாகவே தாராளமாக ஒப்புக்கொள்வோம். மிச்சம் ஏறத்தாழ 29 லிட்டர். அதாவது 2,900 ரூபாய் சொச்சம். குழலுக்கு ஒரு லட்சம் செலவழித்தவர் அதைத் திரும்பப் பெற 34 ஆண்டுகள் காத்திருக்க வேண்டும்!

நட்டம் பர்சுக்கு மட்டுமா?

1995 ஏப்ரல் முதல் சென்னை உள்ளிட்ட நான்கு பெருநகரங்களில் புதிய பெட்ரோல் கார்களுக்கு வினையூக்கி மாற்றி கட்டாயமாக்கப்பட்டது. பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் போன்ற உலோகங்களைக் கொண்ட இந்தக் கலம், கார்பன் மோனாக்சைடு முதலிய நச்சு வாயுக்களைத் தீங்கு குறைந்தவையாக மாற்றுகிறது. "தடை" என்று இதைக் கழற்றி எறிவோர், சாலையோரத்துப் பள்ளிப் பிள்ளைகளின் மூச்சில் அந்த நஞ்சைக் கலக்கிறார்கள். குழல் இணைப்பு சரியாகப் பொருந்தாமல் வெளிக்காற்று உள்ளே கசிந்தால், ஆக்சிஜன் உணர்கருவி ஏமாந்து கூடுதல் பெட்ரோலைக் கேட்கும். மைலேஜுக்காகச் செய்த மாற்றமே மைலேஜைக் கெடுக்கும். சட்டமும் சும்மா விடாது: 1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டப்படி, ஒலி மற்றும் காற்று மாசு வரம்பை மீறும் வண்டியைப் பொது இடத்தில் ஓட்டுவது தண்டனைக்குரிய குற்றம்.

ஆகவே வாசகர்களே, பெரிய கார் வாங்கியவர் முதலில் டயர்க் காற்றையும் காற்று வடிகட்டியையும் ஸ்பார்க் பிளக்கையும் கவனிக்கட்டும். டாங்கை நிரப்பி, ஓடிய தூரத்தைக் குறித்து, மீண்டும் நிரப்பி, மைலேஜை அளந்து பார்க்கட்டும். இவ்வாறு நான்கைந்து முறை அளந்த பிறகும் சைலன்சர் கடைக்குப் போகத் தோன்றினால், தாம் விலை கொடுத்து வாங்கப்போவது சத்தத்தைத்தான் என்பதையாவது அவர் தெரிந்துகொண்டு போகட்டும்.