தோளில் வேதாளம், எதிரில் மந்திரவாதி

அம்புலிமாமா என்றதும் நம்மில் பலருக்கு முதலில் நினைவுக்கு வருவது ஒரு படம்தான். ஒரு கையில் உருவிய வாள், தோளில் வேதாளம் புகுந்த பிணம், இருட்டில் நடக்கிறான் விக்கிரமன். வரைந்தவர் ஓவியர் சங்கர் என்ற கே.சி. சிவசங்கரன். 1924-ல் பிறந்து 2020-ல் மறைந்தவர். பத்மஸ்ரீ விருது 2021-ல், மறைவுக்குப் பின்தான் வந்தது. 1947-ல் நாகி ரெட்டியும் சக்ரபாணியும் தொடங்கிய அந்தப் பத்திரிகை பல மொழிகளில் வெளிவந்தது. எழுத்து மாறும், படம் மாறாது. மாட்டுங்காவில் என் பக்கத்துக் கடைக்காரர் மராட்டியர். அவர் இதே படத்தை 'சாந்தோபா'வில் பார்த்து வளர்ந்தவர். ஆக, இருவருமே ஒரே ராஜாவோடு சுடுகாட்டுக்குப் போனவர்கள்தான்!

மாய மந்திரத்தைப் பற்றி இந்தப் படம் நமக்கு என்ன கற்றுக் கொடுத்தது? நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். பேயைக் கண்டு ஓடாத ஒரு மனிதனைச் சங்கர் காட்டினார். பேய் என்பது கேள்வி கேட்கும், சரியான பதில் சொன்னால் போய்விடும் என்று பிள்ளைகள் புரிந்துகொண்டார்கள். பயம் போய், புத்திக்கு வேலை வந்தது. இது சிறிய தொண்டு அல்ல.

ஆனால் குறை ஒன்று உண்டு. ராஜா பிணத்தைச் சுமப்பது எதற்காக? ஒரு சந்நியாசி கேட்டதற்காக. 11-ஆம் நூற்றாண்டில் சோமதேவர் எழுதிய கதாசரித்சாகரத்தில் இந்தக் கதைக்கு முடிவு இருக்கிறது. அந்த சந்நியாசி உன்னைப் பலி கொடுக்கப் போகிறான் என்று வேதாளமே எச்சரிக்கிறது. ராஜா முந்திக்கொண்டு அவனை வெட்டுகிறான். அதாவது தோளில் இருந்த பேய் நண்பன், பூஜை போட்டுக் காத்திருந்த மனிதன்தான் எதிரி. மாத இதழிலோ வேதாளம் மாதாமாதம் மரம் ஏறியாக வேண்டும். மூலத்தில் உள்ள 25 கதைகளைத் தாண்டியும் தொடர் நீண்டது. முடிவு தள்ளிக்கொண்டே போனது. நம் மனதில் பதிந்த படத்திலோ சந்நியாசி இல்லவே இல்லை.

இதன் விலை எனக்குத் தெரியும். 1986-ல் எங்கள் வியாபாரம் படுத்தபோது, செய்வினை எடுக்கிறேன் என்று ஒருவர் வந்தார். அம்மாவின் நாலு பவுன் வளையல் போயிற்று. பேய்க்குப் பயப்படாதவன் என்று வீட்டில் எனக்குத்தான் பெயர். அவர் காலில் முதலில் விழுந்தவனும் நானேதான். போலித் துறவியை நம்புவதை மூன்று மூடங்களில் ஒன்றாகச் சமண நூல்கள் வைத்திருக்கின்றன என்பதை அப்புறம்தான் படித்தேன்.

சங்கர் மீது குற்றம் சொல்லவில்லை. கொடுத்த பக்கத்தை அவர் குறைவற வரைந்தார். பாக்கியைச் சொல்ல வேண்டியது பெரியவர்களாகிய நாம். பேரப் பிள்ளைகளுக்கு இந்தப் படத்தைக் காட்டும்போது, "ராஜா யாரிடம் போய்க்கொண்டிருக்கிறார், தெரியுமா?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள்.