முறியும் வாளும் கொல்லன் உலையும்

வீடியோ விளையாட்டு என்ற சொல்லைக் கேட்டதுமே முகம் சுளிக்கும் பெற்றோர் நம்மிடையே பலர். அண்மைக்காலம் வரை நானும் அவர்களுள் ஒருவனே. விடுமுறை நாட்களில் என் இளைய மகன் ஆடிக்கொண்டிருந்ததை அருகிருந்து கவனித்த பின்னரே, அதனுள்ளும் திறனாய்வுக்குரிய பொருள் உண்டு என்று உணர்ந்தேன். ஜப்பானின் நின்டெண்டோ நிறுவனம் 2017-ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் வெளியிட்ட 'தி லெஜண்ட் ஆஃப் ஸெல்டா: பிரெத் ஆஃப் த வைல்ட்' என்பது அவ்விளையாட்டின் பெயர்.

நூறாண்டு உறக்கத்திலிருந்து விழித்தெழும் லிங்க் என்னும் வீரன், பாழ்பட்ட ஹைரூல் நாட்டில் வெறுங்கையனாக நிற்கிறான். கீழே கிடக்கும் மரக்கிளையே அவனது முதற்படைக்கலம். சில அடிகளில் அது முறிந்துவிடும். பகைவனிடமிருந்து பறித்த ஈட்டியும் முறியும்; அரிதின் முயன்று பெற்ற வாளும் முறியும். முறியுமுன் ஓர் எச்சரிக்கை தோன்றும். பின்னர் நீல ஒளித் துணுக்குகளாகச் சிதறி மறைந்துபோகும். ஆடுவோர் பலர் இவ்விளையாட்டில் கண்ட பெருங்குறை இதுவே. உழைத்துப் பெற்றதைப் பறிப்பது நீதியோ என்பது அவர்கள் கேள்வி.

அக்கேள்வியில் நியாயம் இல்லாமலில்லை. எனினும் படைத்தவர் கருத்தையும் நோக்குதல் வேண்டும். முறியாத வாள் ஒன்று முதல்நாளே கிடைத்துவிடுமாயின், பிறகு காணும் படைக்கலம் எதற்கும் மதிப்பிராது. முறிவு நேர்வதால்தான் வீரன் மலையுச்சியிலிருந்து பாறையை உருட்டவும், இடிமழையில் இரும்பைப் பகைவர் பக்கம் எறியவும், எதிரியின் கையிலிருப்பதைக் கவரவும் கற்கிறான். இறுதி அடியில் முறியும் வாள் இருமடங்கு வலிமையோடு தாக்குமாறு அமைத்திருப்பதும் கருதத்தக்கது. இழப்பிலும் ஒரு பயன் உண்டு என்பதே அதன் குறிப்பு.

ஆயின் கருத்து ஒன்று, விளைவு வேறொன்று. ஒருநாள் என் மகன் கடும்பகைவன் ஒருவனிடம் மீண்டும் மீண்டும் தோற்றுக்கொண்டிருந்தான். அவன் பையிலோ ஒளிவீசும் வாள் ஒன்று இருந்தது. "அதை எடுத்தால் என்ன?" என்றேன். "அது நல்ல வாள், வாப்பா. உடைந்துபோகும். பிறகு வேண்டியிருக்கும்" என்றான். அந்தப் 'பிறகு' கடைசிவரை வரவில்லை. விளையாட்டு முடிந்தபோதும் வாள் பையிலேயே இருந்தது. பற்றறுக்கக் கற்பிக்க வந்த விதி, பதுக்கக் கற்பித்துவிட்டது! நல்ல பாத்திரங்களை விருந்தினருக்கென்று பூட்டிவைத்து, ஓட்டைப் பாத்திரத்தில் உண்டு வாழ்நாளைக் கழிக்கும் நம் வீட்டு வழக்கம் என் நினைவுக்கு வந்தது.

இதற்குக் காரணம் முறிவு அன்று. செப்பனிட வழியின்மையே என்பது என் துணிபு. 1996-இல் வெளிவந்த 'டயாப்லோ' விளையாட்டிலும் படைக்கலங்கள் தேயும். ஆனால் ஊரில் கிரிஸ்வோல்ட் என்னும் கொல்லன் இருக்கிறான். பொன் கொடுத்தால் சீர்செய்து தருவான். போர்வீரன் தானே சீர்செய்துகொள்ளவும் கூடும். அங்ஙனம் செய்யுந்தோறும் கருவியின் முழு உறுதி சிறிது குறையும். 'மைன்கிராஃப்ட்' விளையாட்டில் மரக்கருவியின் ஆயுள் 59, இரும்பினது 250, வைரத்தினது 1561. பகட்டான பொன்னுக்கோ 32 மட்டுமே. அங்கும் பட்டடையில் வைத்துச் சீர்செய்யலாம்; அந்தப் பட்டடையும் நாளடைவில் தேயும். இவ்விரண்டிலும் கருவிக்கும் உடையவனுக்கும் இடையே ஓர் உறவு வளர்கிறது. ஹைரூலிலோ சில அரும்பரிசுகளை மட்டும் வைரம் முதலியன கொடுத்து மீண்டும் செய்வித்துக்கொள்ளலாம். மற்றவை போனால் போனவையே.

புறநானூற்றில் அவ்வையார் தொண்டைமானின் படைக்கலங்களைக் கண்டு கூறியதை நாம் அறிவோம். அவை மயிற்பீலி சூடி, நெய் பூசி, மாளிகையில் மின்னின. அதியமானின் வேல்களோ நுனி முறிந்து கொல்லனின் சிறுகொட்டிலில் கிடந்தன. பழிப்பதுபோல் தோன்றினும் அது அதியமானுக்குப் புகழுரையே. அரபு அணியிலக்கண நூல்களும் இவ்வகைப் புகழ்ச்சிக்கு எடுத்துக்காட்டாக வாள்முனையில் விழுந்த பள்ளங்களையே காட்டும். முறிந்த படைக்கலம் உழைப்பின் சாட்சி. கொல்லன் கொட்டில் அச்சாட்சி தங்கும் இடம். இவ்விளையாட்டிலோ சாட்சி கண்முன்னே மறைந்துவிடுகிறது. எஞ்சி நிற்பது தொண்டைமானின் மாளிகைபோல் மின்னும் பை மட்டுமே.

2023 மே மாதத்தில் வந்த 'டியர்ஸ் ஆஃப் த கிங்டம்' இதனை ஓரளவு உணர்ந்திருக்கிறது. சிதைந்த வாளோடு கல்லையோ கொம்பையோ இணைத்து வலுவூட்டலாம். வாளை விழுங்கிச் சீராக்கி உமிழும் மலைவாழ் உயிர் ஒன்றும் உண்டு. அதனினும் சிறந்தது கதைப்போக்கு. முன்னைய விளையாட்டில் வலிமை தீர்ந்தால் பத்து நிமிடம் ஓய்ந்து மீளுமேயன்றி முறியாதிருந்த மாஸ்டர் வாள், இதன் தொடக்கத்திலேயே நொறுங்குகிறது. அதைச் செப்பனிடுவதற்காக இளவரசி ஸெல்டா பறவைநாகமாக உருமாறி, தன்னையே மறந்து, நெடுங்காலம் அதைத் தன் தலையில் சுமந்து திரிகிறாள். செப்பனிடுதல் எத்துணை விலையுடையது என்பதைக் கதை அறிந்திருக்கிறது. ஆட்டத்தின் விதி இன்னும் முழுமையாக அறியவில்லை. ஏனைய வாள்கள் முன்போலவே சிதறி மறைகின்றன.

ஆகவே, படைக்கலம் முறியக்கூடாது என்பார் கூற்று எனக்கு உடன்பாடன்று. முறியட்டும். ஆனால் முறிந்ததை எடுத்துச் செல்ல ஓர் உலையும், காத்திருந்து வாங்கிவரும் பொறுமையும் ஆட்டத்தில் இடம்பெறட்டும். அப்போது பிள்ளைகள் நல்ல வாளைப் பையில் பூட்டிவைக்கமாட்டார்கள். அச்சமின்றி எடுத்து ஆடுவார்கள்.