ஜெஃபர்சனின் உழவனும் மன்றோவின் குடியானவனும்

ஏற்காட்டைப் பற்றி இணையத்தில் தேடினால் ஒரு வரி திரும்பத் திரும்ப வரும்: 1842ல் சென்னை மாகாண கவர்னர் சர் தாமஸ் மன்றோ இந்த ஊரைக் கண்டுபிடித்தார் என்று. மன்றோ 1827லேயே காலராவில் இறந்துவிட்டார். செத்துப் பதினைந்து வருஷம் கழித்து வந்து மலையேறியிருக்கிறார் மனுஷன்! அப்படியே வந்திருந்தாலும் கண்டுபிடிக்க என்ன இருந்தது? உச்சியில் சேர்வராயன் கோயில் இருந்தது. நாடு நாடாகப் பிரிந்து, பட்டக்காரர்களின் கீழ், தமிழ் பேசும் மலையாளிப் பழங்குடிகள் வாழ்ந்துகொண்டிருந்தார்கள்.

வரி தப்பு. ஆனால் மன்றோவுக்கும் சேலத்துக்கும் உள்ள உறவு நிஜம். அந்த உறவைப் புரிந்துகொள்ள வாசிக்க வேண்டிய புத்தகம், பர்ட்டன் ஸ்டீன் 1989ல் வெளியிட்ட மன்றோ பற்றிய நூல். சோழர் காலத்து அரசு எப்படிப்பட்டது என்று எழுதி நம்மூர் ஆய்வாளர்களிடையே பெரிய விவாதத்தைக் கிளப்பிய அதே அமெரிக்க வரலாற்றாசிரியர்தான் ஸ்டீன். மன்றோவைக் குடியானவர்களின் காவலராகப் பார்க்கும் பழைய சித்திரத்தை இதில் அவர் கழற்றி வைக்கிறார். ரயத்துவாரி என்பது கருணையில் பிறந்த வரித்திட்டம் அல்ல, அது அரசியல் என்பது அவருடைய வாதம். பாளையக்காரர் போன்ற இடையதிகாரங்களை ஒழித்து, அரசு நேராகக் குடியானவனின் வாசலுக்கு வருவதற்கான வழி அது. திப்பு தொடங்கியிருந்த வேலையைத்தான் கம்பெனி தொடர்ந்தது.

வலுவான வாதம். ஆனால் ஸ்டீன் சொல்வதை அதே காலத்து அமெரிக்காவின் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் அதன் முழு கனமும் தெரிகிறது என்று நினைக்கிறேன். இரண்டையும் இணைக்க ஓர் ஆளே இருக்கிறார். 1781ல் யார்க்டவுனில் வாஷிங்டனிடம் தோற்றுச் சரணடைந்த கார்ன்வாலிஸ்தான், 1792ல் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் திப்புவிடம் பாதி ராஜ்ஜியத்தை எழுதி வாங்கினார். அந்தப் பாதியில் பாரமஹாலும் சேலமும் அடக்கம். அதை அளந்து வரி போட அலெக்சாண்டர் ரீட் அனுப்பப்பட்டார். அவருடைய உதவியாளர்களில் ஒருவராக 1792 முதல் 1799 வரை இங்கே இருந்தவர் மன்றோ.

கார்ன்வாலிஸ் விட்டுவந்த நாட்டில் அப்போது என்ன நடந்தது? அங்கேயும் நிலத்தை அளந்துகொண்டிருந்தார்கள். 1785ம் வருஷத்து நிலச் சட்டம் ஒஹையோ நதிக்கு அந்தப் பக்கத்து நிலத்தை ஆறு மைல் சதுரங்களாக வெட்டியது. ஒவ்வொரு சதுரத்துக்குள்ளும் 36 பிரிவுகள், பிரிவுக்கு 640 ஏக்கர். பதினாறாவது பிரிவு பள்ளிக்கூடத்துக்கு. சொந்த நிலத்தில் உழுது, யாருக்கும் கைகட்டாமல் வாழும் சிறு விவசாயிதான் குடியரசின் அஸ்திவாரம் என்று ஜெஃபர்சன் வர்ஜீனியா பற்றிய தன் நூலில் வாதாடினார். மேலோட்டமாகப் பார்த்தால் மன்றோவின் ரயத்தும் அதே ஆள்தான். தன் பெயரில் பட்டா, நடுவில் ஜமீன்தார் கிடையாது, அரசோடு நேரடிக் கணக்கு.

வித்தியாசம் அளந்து முடித்த பிறகு என்ன ஆகிறது என்பதில் இருக்கிறது. 1787ல் வந்த அமெரிக்கச் சட்டப்படி, ஒரு புதுப் பிரதேசத்தில் சுதந்திரக் குடிகள் 60,000 பேர் சேர்ந்துவிட்டால் அது பழைய மாநிலங்களுக்குச் சமமான மாநிலமாகலாம். அப்படித்தான் 1803ல் ஒஹையோ மாநிலமானது. அந்த தேசத்தின் வளர்ச்சி என்பது சட்டமன்றங்கள் பெருகுவதாக இருந்தது. சேலமும் அளக்கப்பட்டது. ஆனால் அதற்குக் கிடைத்தவர் ஒரு கலெக்டர். பெயரே சொல்லிவிடுகிறது, வசூல் செய்பவர் என்று. இன்றைக்கும் ஜில்லாவின் தலைமை அதிகாரியை நாம் அப்படித்தான் கூப்பிடுகிறோம்.

மன்றோ போன பிறகு சென்னை அரசு சேலத்தை மிட்டா மிட்டாவாகப் பிரித்து ஏலம் விட்டது. மிட்டாதார்கள் பலர் வரி கட்ட முடியாமல் நொடித்துப்போனார்கள். 1820ல் மன்றோ கவர்னராகத் திரும்பி வந்தபோது ரயத்துவாரியும் திரும்பி வந்தது. இந்தப் போக்குவரத்தில் ஒரு கட்டத்திலும் சேலத்துக் குடியானவனிடம் யாரும் அபிப்பிராயம் கேட்கவில்லை. கேட்பதற்கான அமைப்பே இல்லை.

1801ஐ மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். மார்ச்சில், தேர்தலில் தோற்ற ஜான் ஆடம்ஸ் வீட்டுக்குப் போக, ஜெஃபர்சன் ஜனாதிபதியானார். ஒரு கட்சியிடமிருந்து இன்னொன்றுக்கு, ரத்தம் சிந்தாமல் ஆட்சி மாறியது. அதே அக்டோபரில் திருப்பத்தூரில் மருது சகோதரர்கள் தூக்கிலிடப்பட்டார்கள். இடையதிகாரத்தை ஒழிப்பது என்று ஸ்டீன் சொல்வதற்கு நம் பக்கத்து அர்த்தம் அது. அங்கே 1791லேயே பத்திரிகைச் சுதந்திரம் அரசியல் சாசனத்தில் ஏறிவிட்டது. 1822ல் மன்றோ, அந்நியர் ஆளும் நாட்டில் சுதந்திரப் பத்திரிகை ஆபத்து என்று குறிப்பு எழுதினார். பெரிய உத்தியோகங்களில் இந்தியர்களை வைக்க வேண்டும் என்று 1824ல் எழுதியவரும் அவரே. நல்ல மனுஷர்தான். ஆனால் அவருடைய நல்ல குணத்தைத் தவிர வேறு பாதுகாப்பு ரயத்துக்கு இருக்கவில்லை.

இதோடு நிறுத்தினால் அமெரிக்காவுக்குப் பாராட்டுக் கூட்டம் நடத்தியதாக ஆகிவிடும். மென்பொருள் துறையில் என் தலைமுறை ஆட்களுக்கு அந்தப் பழக்கம் உண்டு. ஹாமில்டன், ஜெஃபர்சன் வரலாறுகளைப் படித்துவிட்டு, நல்ல நிறுவனரும் நல்ல டிசைனும் இருந்தால் தேசம் தானாக ஓடும் என்று பேசுவோம். ஏற்காட்டிலிருந்து பார்த்தால் அந்தப் பேச்சு நிற்காது.

1820களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் சேர்வராயன் மலைக்குக் காப்பியைக் கொண்டுவந்தார். அப்போது கவர்னர் நாற்காலியில் இருந்தவர் மன்றோ. கீழே சமவெளியில் சிறு குடியானவனுக்குப் பட்டா, மேலே மலையில் வெள்ளைக்காரத் துரைக்கு எஸ்டேட். ஒரே அரசு, ஒரே காலம். மலையாளிகளில் பலர் தங்கள் மலையிலேயே கூலிகளானார்கள். ஸ்டீன் அரசு இருக்கும் இடத்திலிருந்து எழுதுகிறார். அரசுக்கும் இடையதிகாரத்துக்கும் நடந்த சண்டையே அவர் கதை. பட்டக்காரரின் மலை அந்தக் கதைக்குத் தேவைப்படவில்லை. அவருடைய வாதத்தில் எனக்குக் குறையாகப் படுவது இதுதான்.

ஜெஃபர்சனின் கதையிலும் மலைக்காரர்கள் இருக்கிறார்கள். செவ்விந்தியர்களின் நிலத்தை அவர்கள் சம்மதமில்லாமல் எடுக்க மாட்டோம் என்று சொன்னது அதே 1787ம் வருஷத்துச் சட்டம். 1830ல் அவர்களை மிசிசிப்பிக்கு மேற்கே அனுப்பத் தனிச் சட்டமே போட்டார்கள். 1803ல் ஒன்றரைக் கோடி டாலருக்கு வாங்கிய லூசியானாவின் தெற்குப் பகுதியில் சிறு விவசாயிகளோடு அடிமைகளை வைத்து நடத்திய பருத்தி, கரும்புத் தோட்டங்களும் பெருகின. சிறு உழவனைப் போற்றிய ஜெஃபர்சன் தன் வாழ்நாளில் 600க்கும் மேற்பட்ட அடிமைகளை வைத்திருந்தவர்.

ஆக, ஒஹையோவுக்குச் சட்டமன்றம் கிடைத்தது, சேலத்துக்குக் கிடைக்கவில்லை. இது உண்மையான வேற்றுமை, இதைக் குறைத்துச் சொல்லக்கூடாது. ஆனால் அளந்தவனுக்கு ஏற்கெனவே அங்கிருந்தவன் காலி நிலமாகத் தெரிந்தது இரண்டு இடத்திலும் ஒன்றுதான். பட்டா, சிட்டா, புலப்படம் எல்லாம் இன்று கம்ப்யூட்டரில் கிடைக்கிறது. அந்தப் பதிவேடு எவ்வளவு துல்லியமாக இருந்தாலும், முதன்முதலில் யார் பெயரை எழுதாமல் விட்டார்கள் என்பதை அது சொல்லாது. ஸ்டீனின் புத்தகத்தைக் கட்டாயம் படியுங்கள். மாநிலமாகும் உரிமை சேலத்துக்கு ஏன் இல்லாமல் போனது என்பதை அதை வைத்து யோசிக்கலாம். சேர்வராயன் மலையின் பெயரை யார் விட்டார்கள் என்பதை நாம்தான் எழுத வேண்டும்.