‘இந்தியன் ஓஷன்’ இசையில் கிதாரின் இடம்

சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதையைப் பயில்வோர் பெரும்பாலும் மாதவியின் ஆடலிலேயே மனந்தோய்ந்து நின்றுவிடுவர். ஆயின் இளங்கோவடிகள் அவளை அரங்கில் ஏற்றுவதற்கு முன்னரே ஆடலாசிரியன், இசையாசிரியன், புலவன், தண்ணுமை ஆசிரியன், குழலாசிரியன், யாழாசிரியன் என ஒவ்வொருவர் தகுதியையும் தனித்தனியே எடுத்துரைக்கிறார். பின்னர் அரங்கில் இசை எழும்போது குழலின் வழியே யாழும், யாழின் வழியே தண்ணுமையும், தண்ணுமையின் வழியே முழவும் நின்றன என்று வரிசையையும் சொல்லிச் செல்கிறார். கூட்டிசை என்பது பலர் ஒரே நேரத்தில் ஒலியெழுப்புவது அன்று. யார் முன்செல்கிறார், யார் அவர்வழி நிற்கிறார் என்னும் உறவே அதன் உயிர். ஈராயிரம் ஆண்டு இலக்கிய மரபுடைய நமக்கு இந்த அளவுகோல் புதியதன்று. ஆயினும் அதை நம் காலத்து இசைக்குழு எதன்மீதும் வைத்து அளந்து பார்க்க நாம் முற்படுவதில்லை.

இம்மலரில் யாம் அளக்க எடுத்துக்கொண்டது, நாம் பிழைக்க வந்த இத்தில்லி மாநகரிலேயே தோன்றிய ‘இந்தியன் ஓஷன்’ என்னும் குழு. கிதார்க் கலைஞர் சுஸ்மித் சென்னும், தபலா வாசித்துக்கொண்டே பாடும் அரிய திறம் வாய்ந்த அசீம் சக்கரவர்த்தியும் 1990இல் இதனைத் தொடங்கினர். ‘இந்துமாக்கடல்’ எனப் பொருள்படும் அப்பெயரைச் சூட்டியவர் சுஸ்மித்தின் தந்தையார். 1991இல் பேஸ் கிதார் வாசிக்கும் ராகுல் ராமும், 1994இல் டிரம்ஸ் வாசிக்கும் அமித் கிலாமும் வந்து சேர்ந்தனர். இந்நால்வர் அணியே பதினைந்து ஆண்டுகள் நிலைத்து நின்றது. ராக் இசை என்ற அளவிலேயே முகஞ்சுளிக்கும் பெரியோர் நம்மிடையே உளர். சபைகளில் மார்கழிக் கச்சேரி கேட்டுப் பழகிய செவிகள் அவை. அவர்களும் சற்றே பொறுத்துக் கேட்க வேண்டுகிறோம்.

இந்நாட்டு ராக் குழுக்களில் கிதார்க் கலைஞனுக்கு நெடுங்காலம் வாய்த்த பணி, நகலெடுக்கும் பணியே. சிகரெட் நிறுவனம் ஒன்றின் ஆதரவில் நடந்த போட்டிகளையொட்டி 1970, 1971ஆம் ஆண்டுகளில் ‘சிம்லா பீட்’ என்னும் இசைத்தட்டுகள் வெளிவந்தன. அவற்றில் சொந்தப் படைப்புகளும் உண்டு. எனினும் மொழியும் நடையும் இரவலே. கல்லூரி விழாக்களிலோ, அயல்நாட்டுக் கலைஞர் ஒருவர் இசைத்தட்டில் வாசித்த தனியிசையைச் சுரம் பிசகாமல் திருப்பி வாசிப்பவனே வல்லவன் எனக் கொண்டாடப்பட்டான். தட்டச்சுப் பொறியில் கார்பன் தாள் வைத்து எடுத்த படி எவ்வளவு தெளிவாயிருப்பினும் படி படிதானே! கல்கத்தாவில் 1975இல் கௌதம் சட்டோபாத்யாயர் முதலானோர் தொடங்கிய ‘மொஹீனேர் கோராகுலி’ போன்ற ஓரிரு முயற்சிகளே இதற்கு விலக்கு. அவர்கள் வங்க மொழியில் பாடினர். ஆயின் அக்காலத்தில் அவர்களைப் போற்றியோர் மிகச் சிலரே.

சுஸ்மித் சென் செய்த மாறுதல் எங்கே இருக்கிறது? அவர் வேகமாக வாசித்தார் என்பர் அன்பர் சிலர். வேகம் உண்மைதான். ஆனால் வேகம் உடையோர் பலர். யாம் கருதும் மாறுதல் வேறு. மேலை ராக் இசையில் கிதாருக்கு இரு தொழில் உண்டு. பாடகன் பாடும்போது ‘கார்டு’ எனப்படும் சுரக்கூட்டுகளை மாற்றி மாற்றி மீட்டிப் பாட்டுக்குத் தரை விரிப்பது ஒன்று; பாடகன் ஓய்ந்தபோது தனியே பாய்ந்து வித்தை காட்டுவது மற்றொன்று. சுஸ்மித்தின் கிதார் இவ்விரண்டிலும் அடங்குவதில்லை. விரலால் அழுத்தாது விட்ட தந்தி ஒன்று தம்புராவைப்போல் அடியில் ஒலித்துக்கொண்டே இருக்க, அதன்மேல் ஒற்றைச் சுரங்களால் ஆன மெட்டு நடந்து செல்கிறது. சுரக்கூட்டு மாறுவதால் பிறக்கும் திருப்பத்தை அவர் பெரிதும் நம்புவதில்லை. ஒரே ஆதார சுருதியில் நின்று, ஒரு சிறு சுரத்தொடரைத் திரும்பத் திரும்பச் சொல்லி, ஒவ்வொரு முறையும் ஒரு படி உயர்த்தி அல்லது ஒரு சுரம் கூட்டி வளர்க்கிறார். இந்துஸ்தானி ஆலாபனையைக் கேட்டோர் இதன் ஊற்றை உடனே உணர்வர்.

கிதாரின் விரற்பலகையில் குறுக்காகப் பதித்த உலோகக் கம்பிகள் உண்டு. ஆகவே சுரங்கள் படிக்கட்டுபோல் பிரிந்து நிற்கும். கமகம் வாராது என்பது நம்மவர் கூறும் குறை. வீணையிலும்தான் மெழுகில் பதித்த பித்தளைக் கம்பிகள் உள்ளன. தந்தியைப் பக்கவாட்டில் இழுத்தன்றோ வைணிகர் கமகத்தை வருவிக்கின்றனர்? கிதாரிலும் அது இயலும். அளவில் குறையலாம், அவ்வளவே. வயலின் ஒரு காலத்தில் அன்னியக் கருவியாகவே கருதப்பட்டது. பாலுசுவாமி தீட்சிதர் கையில் அது நம் கருவியாயிற்று. நம் காலத்தில் மாண்டலினை யு. சீனிவாஸ் அவ்வாறே ஆக்கினார். கருவிக்குக் குலம் ஏது?

இனி எம் கருத்தின் மையத்துக்கு வருவோம். இக்குழுவின் புகழைப் பேசுவோர் அதன் பாடல்களின் சொற்களையே பெரிதும் பேசுகின்றனர். கபீர்தாசர் வாக்கு, நருமதைக் கரை நாட்டுப்பாடல், கேரளத்துச் சிரியக் கிறித்துவர் வழிபாட்டு மொழி என அவர்கள் எடுத்தாண்ட சொற்களின் வகை வியப்புக்குரியதே. குரல்களும் சிறந்தவையே. கிதார் பக்கவாத்தியம் என்னும் எண்ணம் இதனால் பரவிவிட்டது. இது வரலாற்றுக்கு மாறானது. 1993இல் வெளிவந்த முதல் இசைத்தொகுப்பிலும், 1997ஆம் ஆண்டுப் புத்தாண்டு நாளன்று சஃப்தர் ஹாஷ்மி நினைவு நிகழ்ச்சியில் நேரே பதிவு செய்து ‘டெசர்ட் ரெயின்’ என வெளியிட்ட இரண்டாம் தொகுப்பிலும் பாட்டைவிட வாத்திய இசையே ஓங்கி நிற்கிறது. தொடக்க காலக் கோவைகள் பல கிதாரில் பிறந்தவை. மெட்டு முந்தி நின்றது. சொல் பிந்தி வந்தது. அக்காலக் கோவை ஒன்றுக்குக் ‘கோயிங் டு ஐ.டி.ஓ.’ எனப் பெயரிட்டிருக்கின்றனர். நாள்தோறும் பேருந்தில் தொங்கிக்கொண்டு ஐ.டி.ஓ. செல்லும் நம் போன்ற எழுத்தர்க்கு இப்பெயரே ஒரு சிறு மகிழ்ச்சி.

அலுவலக வழக்கு ஒன்றைச் சொன்னால் அன்பர்க்கு இது எளிதில் விளங்கும். கோப்பில் முதற்குறிப்பை எழுதி மேலே அனுப்புபவர் பிரிவு எழுத்தர். அதில் ஒருவர் ஒரு வரி சேர்ப்பார், மற்றொருவர் ஒரு சொல்லை அடிப்பார், இன்னொருவர் கையொப்பமிடுவார். ஆணை வெளிவரும்போது முதற்குறிப்பு எழுதியவர் பெயர் அதில் இராது. ஆயினும் அவ்வாணையின் போக்கு பெரும்பாலும் அந்த முதற்குறிப்பிலேயே அமைந்துவிட்டிருக்கும். ‘இந்தியன் ஓஷன்’ பாடல்களில் கிதார் பலவிடத்தும் அத்தகைய முதற்குறிப்பே.

2000இல் வெளிவந்த ‘கந்தீசா’ தொகுப்பே இவர்களுடைய சிறந்த படைப்பு என்பது எம் துணிபு. தலைப்புப் பாடலை எடுத்துக்கொள்வோம். ‘கந்தீசா’ என்பது ‘தூய’ எனப் பொருள்படும் சிரியாக் சொல்லடியாக வந்தது. பாடியோர்க்கும் கேட்போரில் ஏறத்தாழ அனைவர்க்கும் அது தாய்மொழியன்று. பொருள் புரியாத சொற்களைக் கேட்டு ஆயிரக்கணக்கானோர் அமைதியாய் நிற்பது எவ்வாறு? கிதார் முதலில் ஒரு கோயிற் சூழலைக் கட்டிவிடுகிறது என்பதே விடை. தொடக்கத்தில் சில சுரங்களே, அவையும் தாழ்ந்த ஒலியில், இடைவெளி விட்டு. குரல் அந்த இடைவெளிகளில் வந்து அமர்கிறது. பாட்டு வளர வளரத் தாளமும் குரலும் பெருகி இறுதியில் பேரொலியாகின்றன. அப்போதும் கிதார் தன் சிறு தொடரை விட்டு ஓடுவதில்லை. வேறு குழுவாயின் இந்த இடத்தில் கிதார்க் கலைஞன் முன்னே பாய்ந்து தன் விரல்திறன் முழுவதையும் கொட்டியிருப்பான். தண்ணுமை ஆசிரியனுக்கு ஆக்கலும் அடக்கலும் தெரிந்திருத்தல் வேண்டும் என்றார் இளங்கோவடிகள். அடக்கலைக் கற்ற கிதாரை யாம் இப்பாடலில் கேட்கிறோம்.

‘மா ரேவா’ இதற்கு மறுதலை. ரேவா என்பது நருமதையின் மறுபெயர். ராகுல் ராம் நருமதை இயக்கத்தில் பணியாற்றியவர். அக்கரை மக்களின் பாட்டை அவர் கொணர்ந்தார். இங்கே முன்செல்வது அவருடைய பேஸ் கிதாரின் துள்ளல் நடை. சுஸ்மித் அதன்வழி நிற்கிறார். ‘லீவிங் ஹோம்’ என்னும் கோவையிலோ வரிசை மீண்டும் மாறுகிறது. சொல்லை நம்பாமல் கிதாரையே நம்பி நிற்பது அது. வீட்டை விட்டுப் புறப்படுதல் என்னும் பெயருக்கேற்ப அதன் மெட்டு ஓரிடத்தில் தங்குவதில்லை. ஆனால் துயரமாகவும் அழுவதில்லை. ஊரை விட்டு இரயிலேறி வந்த நமக்கு அந்த இரண்டுங்கெட்டான் உணர்வு விளங்காததன்று. இத்தொகுப்பில் ஏழு பாடல்கள்தாம் உள்ளன. முன்செல்வோர் யார் என்பதை மட்டும் குறித்துக்கொண்டே கேட்டால் அதன் அமைப்பு முழுதும் தெளிவாகும்.

குறையே இல்லை எனச் சொல்ல மாட்டோம். ஒரே தொடரைத் திருப்பிச் சொல்லும் முறை, மேடையில் நீளும்போது, சில வேளை வளர்ச்சியின்றி வெறும் சுழற்சி ஆகிவிடுகிறது. 2003இல் வெளிவந்த ‘ஜீனி’யில் முன்னைய புதுமை எங்கும் சீராக இல்லை. மாறாக, ‘பிளாக் ஃபிரைடே’ திரைப்படத்துக்கு அமைத்த இசையில் கட்டுப்பாடே நன்மை செய்திருக்கிறது. 1993ஆம் ஆண்டுப் பம்பாய்க் குண்டுவெடிப்புகளைப் பற்றிய அப்படம் வழக்குகளால் தடைப்பட்டு 2007இல்தான் திரைக்கு வந்தது. பியூஷ் மிஸ்ரா எழுதிய ‘பந்தே’ பாடலால் இக்குழுவின் பெயர் கல்லூரிகளுக்கு வெளியேயும் சென்றது.

இவர்கள் ஆண்டுக்கணக்கில் கூடிப் பயின்ற இடம் கரோல் பாகில் இருந்த பழைய வீடு ஒன்று. நம் தமிழ்க் குடும்பங்கள் பல தில்லியில் முதலில் குடியேறிய வட்டாரமே அது. வெவ்வேறு மொழிக் குடும்பங்களிற் பிறந்த நால்வர் அங்கே அமர்ந்தபோது, எல்லார்க்கும் பொதுவான தாலாட்டு ஒன்றோ பண் ஒன்றோ அவர்களிடம் இருந்திராது. எந்த மொழிக்கும் உரியதல்லாத கிதாரின் மெட்டு அவர்கட்குப் பொதுமொழி ஆயிற்று என்று கருதுகிறோம். தில்லியின் இசை வேறு எவ்வாறு பிறக்க முடியும்? 2009 டிசம்பர் 25இல் அசீம் சக்கரவர்த்தி மறைந்தார். அவர் குரல் பதிவாகியிருந்த பாடல்களைக் குழுவினர் 2010இல் அவ்வீட்டின் முகவரியையே தலைப்பாக்கி, ‘16/330 கஜூர் ரோடு’ என்று, மாதம் ஒன்றாக விலையின்றி மக்களுக்கு வழங்கினர்.

2013இல் சுஸ்மித் சென் தாம் தொடங்கிய குழுவை விட்டு விலகினார். தம் பெயரால் தனிக்குழுவும் அமைத்தார், தன்வரலாறும் எழுதினார். அவரிடத்தில் நிகில் ராவ் வந்தார். குழு கலையவில்லை, 2023இல் ‘தூ ஹை’ என்னும் புதிய தொகுப்பையும் வெளியிட்டது. இங்கே ஒரு வினா எழுகிறது. நால்வர் சேர்ந்து ஆக்கிய பாடல் யாருக்கு உரியது? முன்சென்றவர் போய்விட்டால் அது அதே பாடல்தானா? சிலர் சுஸ்மித் இல்லாத ‘இந்தியன் ஓஷன்’ இல்லவே இல்லை என்பர். கிதார்க் கலைஞர் எவராயினும் ஒன்றே என்பாரும் உளர். இரு கூற்றும் எமக்கு உடன்பாடல்ல. நிகில் ராவ் தேர்ந்த கலைஞர். அவருடைய ஒலி மின்கிதாரின் கனமும் நீட்சியும் உடையது. அவர் எவரையும் போலி செய்யவில்லை. ஆனால் பழைய பாடல்களை மேடையில் வாசிக்கும்போது அவரும் அந்தச் சிறு தொடர்களின் வழியேதான் நடக்க வேண்டியிருக்கிறது. அவற்றை நீக்கினால் குரல் நிற்க இடமில்லை. தம் விரல்கள் அகன்ற பின்னும் மற்றொருவர் விரலைத் தம் வழியில் நடத்துகிறதே, அதுவே சுஸ்மித் அப்பாடல்களில் இட்ட படைப்பின் அளவு. வெறும் பக்கவாத்தியம் இவ்வாறு தங்கி நிற்பதில்லை. புதிய தொகுப்பில் அக்கட்டாயம் இல்லை. ஆகவே அங்கே இசையின் நடையே வேறாக இருக்கிறது. அது இயல்பு, குறையன்று.

நம் வீட்டுப் பிள்ளைகள் பலர் இன்று கிதார் கற்கின்றனர். அவர்கள் அறையிலிருந்து வரும் ஒலியைக் கேட்டுக் கதவைச் சாத்தச் சொல்லும் பெற்றோர் ஒருமுறை அவர்களோடு அமர்ந்து ‘கந்தீசா’வைக் கேட்கலாம். முதற்கேள்வியில் குரலைக் கேட்க. இரண்டாம் முறை குரலை விட்டுவிட்டு, அடியில் ஓடும் கிதாரை மட்டும் பற்றிக்கொண்டு செல்க. பாடல் பாதியைக் கடந்து முழக்கம் பெருகும் இடத்தில் அது எங்கே போயிற்று என்று பிள்ளையைக் கேட்டுப் பார்க்கலாம். கருவி பயில்கிற பிள்ளையாயின் உடனே சுட்டிக் காட்டும்.